பெருநாள் விடுமுறையில் நம் பிள்ளைகள்



நோன்புப் பெருநாள் நெருங்கும்போது நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு கேட்கும். "பள்ளிக்கூடம் லீவு!" என்று பிள்ளைகள் குதிப்பார்கள். "இத்தனை நாளும் இதுகளை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று தாய்மார்கள் தலையில் கை வைப்பார்கள். இன்றைய பேச்சில் அந்தத் தாய்மார்களின் கேள்வியைத்தான் நாம் எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

நம் நேயர்களில் இஸ்லாமியக் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு இது சொந்தப் பெருநாள். மற்றவர்களுக்கு இது பக்கத்து வீட்டுப் பெருநாள், நமக்கு விடுமுறை. தோட்டத்து லயத்தில் இருந்தாலும், தோட்டத்தை விட்டு வந்து கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ அடுக்குமாடி வீட்டில் குடியேறியிருந்தாலும், சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளையும் அந்தப் பக்கம் ஒரு பிள்ளையும் இருக்கத்தான் செய்கிறார்கள். இருவருக்கும் சேர்த்தே பேசுவோம்.

முதலில் ஒரு சம்பவம். சில ஆண்டுகளுக்கு முன் பெருநாளின் இரண்டாம் நாள். எங்கள் பள்ளியில் நான்காம் ஐந்தாம் ஆண்டு படித்த மூன்று பையன்கள் பழைய ஈய லம்பத்துக்கு மீன் பிடிக்கப் போனார்கள். பெருநாளில் வேலை செய்தால் கூடுதல் சம்பளம் என்பதால் அப்பாமார்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். அம்மாமார்களுக்கும் வேலை. கரை மணல் சரிந்து ஒரு பையன் தண்ணீருக்குள் போய்விட்டான். உறவினர் வீட்டுக்குப் புறப்பட்டு, பெருநாள் உடுப்போடு அந்த வழியாக வந்த ஒரு மலாய் இளைஞர் மூங்கில் ஒன்றை நீட்டி அவனை இழுத்துப் போட்டார். பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

பள்ளி திறந்ததும் அவனைக் கூப்பிட்டு, "ஏன் அப்பா அங்கே போனாய்?" என்று கேட்டோம். அவன் சொன்னான்: "வீட்டில் சும்மா இரு என்று சொல்லிவிட்டுப் போனார்கள், டீச்சர். எவ்வளவு நேரம் சும்மா இருப்பது?"

இந்தக் கேள்விக்கு எங்களிடம் அப்போது பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் குற்றம் முழுவதும் பிள்ளைமேல் இல்லை. பெரியவர்களாகிய நமக்கே அரை மணி நேரம் சும்மா உட்கார முடிவதில்லை. பத்து வயதுப் பிள்ளையால் நாள் முழுக்க முடியுமா? ஆகவே, பெருநாள் விடுமுறையில் பிள்ளைகளிடம் "சும்மா இரு" என்று சொல்லாமல் இருப்பதே நாம் செய்ய வேண்டிய முதல் காரியம். அதற்குப் பதிலாக அவர்கள் கையில் ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும். பெருநாளோடு சேர்ந்த வேலையாக இருந்தால் இன்னும் நல்லது.

இதை நமக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்தது 2020ஆம் ஆண்டு. அந்த ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ஏப்ரல் 7ஆம் தேதி, கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா வட்டாரத்தில் சிலாங்கூர் மென்ஷன், மலாயன் மென்ஷன் என்ற இரண்டு கட்டடங்களில் குடியிருந்தவர்கள் வெளியே வர முடியாதபடி அடைக்கப்பட்டது. ஏப்ரல் 24இல் நோன்பு தொடங்கியது. பள்ளிவாசலில் கூட்டுத் தொழுகை இல்லை. நோன்புச் சந்தை இல்லை. மே 24இல் பெருநாள் வந்தபோது மாநிலம் விட்டு மாநிலம் போகவும் அனுமதி இல்லை. 2021இல் மே 13ஆம் தேதி பெருநாள். அப்போதோ வீட்டுக்கு வீடு போய்வரவே தடை. இரண்டு ஆண்டுகள் நம் நாட்டுப் பிள்ளைகள் பெருநாளை நான்கு சுவருக்குள் கழித்தார்கள்.

அந்த நாட்களில் நாங்கள் ஒன்றைக் கவனித்தோம். சில வீடுகளில் பிள்ளைகள் கைத்தொலைபேசியைப் பிடுங்குவதும் அடித்துக்கொள்வதுமாக இருந்தார்கள். சில வீடுகளில் அப்படி இல்லை. இரண்டு வீட்டிலும் வருமானம் ஒன்றுதான், இடநெருக்கடியும் ஒன்றுதான். அமைதியாக இருந்த வீட்டில் பிள்ளைக்கு ஒரு பொறுப்பு இருந்தது. ஒருவன் பேரீச்சம்பழத்தை எண்ணி வைப்பான். ஒருத்தி தம்பிக்குக் கதை சொல்வாள். வேறுபாடு அவ்வளவுதான்.

இனி, என்னென்ன வேலை கொடுக்கலாம் என்று பார்ப்போம். எதற்கும் அதிகம் காசு செலவாகாது.

முதலாவது, நிலாக் கணக்கு. ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, ஒவ்வோர் இரவும் நிலா எப்படி இருக்கிறது என்று வரையச் சொல்லுங்கள். மழை மூட்டமாக இருந்தால் 'மேகம்' என்று எழுதட்டும். நோன்பு மாதத்தின் 29ஆம் நாள் மாலையில், சூரியன் மறைந்த பிறகு, மேற்கு வானத்தில் பிறையைத் தேடுவார்கள். நம் சிலாங்கூரில் கோல சிலாங்கூர் மலாவத்திக் குன்றிலும் அப்படிப் பார்ப்பது உண்டு. அன்றிரவு, மாட்சிமை தங்கிய ஆட்சியாளர்களின் முத்திரைக் காப்பாளர் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றிப் பெருநாள் எந்த நாள் என்று அறிவிப்பார். அந்த அறிவிப்புக்குப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு மாதம் நிலாவை வரைந்த பிள்ளைக்கு அந்த அறிவிப்பின் பொருள் விளங்கும்.

கொஞ்சம் பெரிய பிள்ளையாக இருந்தால் ஒரு கணக்கும் போடலாம். பிறைக் கணக்கில் பன்னிரண்டு மாதம் ஏறத்தாழ 354 நாள். நம் நாட்காட்டியில் ஓர் ஆண்டு 365 நாள். கழித்தால் 11. அதனால்தான் பெருநாள் ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாள் முன்னால் வருகிறது. 2000ஆம் ஆண்டில் ஜனவரி 8ஆம் தேதி ஒரு பெருநாள், டிசம்பர் 27ஆம் தேதி இன்னொரு பெருநாள் என்று ஒரே ஆண்டில் இரண்டு வந்தன. தீபாவளி அப்படி ஓடுவதில்லை. அது ஐப்பசி மாதத்துத் தேய்பிறையில் வருவது. ஐப்பசியோ சூரியக் கணக்கு மாதம். ஆகவே தீபாவளி ஓரிடத்தில் நிற்க, பெருநாள் சுற்றி வந்து அதைச் சந்திக்கிறது. 2004இல் தீபாவளி நவம்பர் 11, பெருநாள் நவம்பர் 14. 2005இல் நவம்பர் 1, நவம்பர் 3. 2006இல் அக்டோபர் 21, அக்டோபர் 24. மூன்று ஆண்டுகள் நம் தெருக்களில் இரண்டு பண்டிகைக்கும் ஒன்றாகவே விளக்கு எரிந்தது. இனி எப்போது? பதினொன்றை 33ஆல் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 363 வரும், ஏறத்தாழ ஓர் ஆண்டு. 2004உடன் 33ஐக் கூட்டினால் 2037. "அப்போது உனக்கு என்ன வயது?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

இரண்டாவது, ஓலை வேலை. தென்னங்குருத்தில் ஊதலும் பாம்பும் தோரணமும் செய்யத் தெரியாத தோட்டத்துத் தாத்தா உண்டா? கெத்துப்பாட் கூடும் அந்த ஓலையில்தான் பின்னப்படுகிறது. இரண்டு இளம் ஓலைகளைக் கையில் சுற்றி, ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாக நுழைத்து இழுத்தால் கூடு உருவாகும். பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் பிள்ளையை அனுப்பி, "கற்றுக்கொடுங்கள்" என்று கேட்கச் சொல்லுங்கள். பெருநாளுக்கு முந்திய நாள் அவர்களுக்கு வேலை மிகுதி. இரண்டு சிறு கைகள் உதவிக்கு வந்தால் மகிழ்வார்கள். அதேபோல் தாத்தா அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஓலைக் கிளி செய்யக் கற்றுக்கொடுக்கட்டும்.

அந்தக் கூட்டுக்குள் அரிசியை நிறைய அடைக்க மாட்டார்கள். பாதியளவோ அதற்கும் குறைவாகவோதான் போடுவார்கள். ஏன் என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் ஒரு குவளை அரிசியைச் சோறாக்கி, எத்தனை குவளை சோறு ஆகிறது என்று அளந்து பார்க்கட்டும். அரிசி நீரை உறிஞ்சிப் பெருகும். கூடு இடம் கொடுக்காது. அதனால்தான் சோறு இறுகிக் கட்டியாகிறது. இது அடுப்படியிலேயே ஓர் அறிவியல் பாடம்.

மூன்றாவது, உறையும் வாழ்த்து அட்டையும். பெருநாளில் பெரியவர்கள் பிள்ளைகளுக்குப் பச்சை உறையில் பணம் கொடுப்பார்கள். பழைய நாட்காட்டித் தாளையும் கஞ்சிப் பசையையும் கொண்டு அந்த உறைகளை வீட்டிலேயே செய்யலாம். அடுத்த வீட்டுக்கு ஒரு வாழ்த்து அட்டையும் செய்யலாம். மலாயில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி எழுதட்டும். கிடைத்த காசுக்கு வரவு செலவு எழுத ஒரு சிறு புத்தகம் கொடுங்கள். இரண்டு வெள்ளியானாலும் கணக்கு கணக்குதான்.

இஸ்லாமியத் தாய்மார்களுக்கு ஒரு சொல். நோன்பு மாதத்தில், பிற்பகல் மூன்று மணியிலிருந்து மாலை வரைதான் பிள்ளைகளுக்குப் பொழுது போகாது. அரை நாள் நோன்பு வைத்துப் பழகுகிற சின்னப் பிள்ளை அடுப்படியையே சுற்றி வரும். அந்த நேரத்தில் நோன்பு திறப்புக்குத் தட்டு அடுக்குவதும், பக்கத்து வீடுகளுக்கு நோன்புக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பதும் பிள்ளையின் பொறுப்பாக இருக்கட்டும். கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியாவில் நோன்பு நாட்களில் காய்ச்சுகிற கஞ்சியை வாங்கிப் போக எத்தனை பேர் வந்து நிற்பார்கள் என்பது நமக்குத் தெரியும். வீட்டுக் கஞ்சியும் அப்படிப் பகிரப்படும்போது பிள்ளைக்குப் பசி மறந்துபோகும். ஃபித்ரா கொடுக்கும்போதும் பிள்ளையை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பேருக்கும், தொட்டிலில் கிடக்கிற குழந்தையின் பேருக்கும் சேர்த்து, ஏழைகளுக்காகக் கொடுக்கப்படுகிறது. பெருநாள் தொழுகைக்கு முன்பே அது கொடுக்கப்பட வேண்டும். 'என் பேருக்கும் கொடுத்தார்கள்' என்பது பிள்ளையின் மனத்தில் தங்கும்.

மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கும் நாம் சில பழக்கங்களைச் சொல்லித்தர வேண்டும். நோன்பிருக்கிற நண்பனுக்கு முன்னால் ஐஸ்கட்டியைக் கடித்துக் காட்டிச் சீண்டுவது விளையாட்டல்ல. பெருநாள் வீட்டுக்குப் போனால் செருப்பை வெளியே வரிசையாக விட வேண்டும். முதலில் பெரியவர்களுக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும். தட்டில் எடுத்ததை மீதம் வைக்கக் கூடாது. உறை கிடைத்தால் அங்கேயே பிரித்துப் பார்க்கக் கூடாது. நம் வீட்டில் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்றால், முகத்தைச் சுளிக்காமல், "நாங்கள் இது சாப்பிடுவதில்லை, மக்சிக்" என்று பணிவாகச் சொன்னால் போதும். அவர்கள் கோபிக்க மாட்டார்கள். கோழிக் குழம்பைத் தள்ளி வைப்பார்கள். நாம் ஏதேனும் கொண்டுபோவதாக இருந்தால் பழம் கொண்டுபோவது எல்லாருக்கும் ஏற்றது.

அன்று சடக்கில் வாகனம் குறைவு. பெரியவர் ஒருவர் கூட இருந்தால் பிள்ளைகளைச் சற்று நடத்தி அழைத்துப் போகலாம். கிள்ளானில் தெங்கு கிளானா சாலையில் இந்திய முஸ்லிம் பள்ளிவாசலையும், 1928இல் கட்டிய லூர்து மாதா தேவாலயத்தையும் காட்டலாம். பிரிக்பீல்ட்சில் கந்தசுவாமி கோயிலையும் பௌத்த மகா விகாரையையும் பாத்திமா மாதா தேவாலயத்தையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். கோலாலம்பூரில் 1881இல் நேர்ந்த தீயும் வெள்ளமும் பல வீடுகளை அழித்த பிறகு, செங்கல் கட்டடங்கள் எழுந்தன. செங்கற் சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். இந்தக் கதையையும் நடந்துகொண்டே சொல்லலாம்.

நேயர்களே, இரண்டு ஆபத்துகளைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது.

ஒன்று, வெடி. பெருநாளிலும் தீபாவளியிலும் பையன்கள் மூங்கில் பீரங்கி செய்வார்கள். காபைட் கல்லில் தண்ணீர் பட்டால் ஒருவகை வாயு கிளம்பும். நெருப்புக் காட்டியதும் அது வெடிக்கும். மூங்கில் பிளந்தால் விரல் போகும், கண் போகும். வீட்டில் வெடி செய்ய வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. காபைட்டும் மண்ணெண்ணெயும் பிள்ளையின் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தீப்புண் பட்டால் உடனே குழாய்த் தண்ணீரைத் திறந்து இருபது நிமிடம் அதன் கீழ்க் காட்டுங்கள். வீங்குவதற்கு முன் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். பற்பசை, கிச்சாப், எண்ணெய் எதையும் பூசாதீர்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி, கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று, தண்ணீர். பழைய ஈய லம்பத்தில் கரை ஓரத்தில் முழங்கால் ஆழம் இருக்கும். அடுத்த அடியில் தலைக்கு மேல் போகும். மணல் கரை காலடியில் சரியும். நீச்சல் தெரிந்தவருக்கும் அது ஆபத்து. ஒரு பிள்ளை விழுந்துவிட்டால் மற்றப் பிள்ளைகள் குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவர் இறந்த துயரம் பலமுறை நடந்திருக்கிறது. சத்தம் போட வேண்டும். மூங்கிலோ கயிறோ நீட்ட வேண்டும். மூடியிட்ட காலி பிளாஸ்டிக் டப்பாவை எறிய வேண்டும். ஒருவர் ஓடிப்போய்ப் பெரியவர்களை அழைத்து, 999க்குத் தகவல் சொல்ல வேண்டும். இதை நாளைக்கே உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகத்தான் வேண்டும் என்றால் என்ன செய்வது? அந்தச் சம்பளம் எவ்வளவு அவசியம் என்பது நமக்குத் தெரியாததல்ல. பக்கத்துப் பக்கத்து நான்கு வீட்டார் கூடிப் பேசி, நாளுக்கு ஒரு பெரியவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் ஆயாக் கொட்டகை இருந்ததல்லவா? அதை நாமே நான்கு நாளுக்கு நடத்துவதுபோல. இந்து வீட்டுப் பாட்டி பெருநாளன்று பார்த்துக்கொண்டால், தீபாவளியன்று முஸ்லிம் வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார்.

நிறைவாக, பிள்ளைகளுக்கு இரவில் சொல்ல ஒரு கதை. 17ஆம் நூற்றாண்டில் உமறுப் புலவர் பாடிய சீறாப்புராணத்தில் வருவது. ஒரு வேடன் பெண் மான் ஒன்றைக் கட்டி வைத்திருந்தான். அந்த வழியே வந்த நபிகள் நாயகத்திடம் மான் முறையிட்டது: என் குட்டி பால் இல்லாமல் வாடும், ஊட்டிவிட்டுத் திரும்பி வருகிறேன் என்றது. நபிகள் நாயகம் அதற்குப் பிணையாக நின்றார். வேடனுக்கு நம்பிக்கை இல்லை. காட்டுக்குள் போன மான் திரும்பி வருமா? மான் கூட்டத்தைப் பார்த்தது, குட்டிக்குப் பால் கொடுத்தது. மற்ற மான்கள் போகாதே என்று தடுத்தும் கேட்கவில்லை. தான் கொடுத்த சொல்லைக் காப்பாற்ற, குட்டியையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. வேடன் மனம் மாறினான். மான் விடுதலை பெற்றது.

இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, நாமும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். "மத்தியானம் வந்து உன்னைப் பெருநாள் வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறோம். பிள்ளை சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கும். நாமோ களைத்து வந்து படுத்துவிடுகிறோம். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாம் முறை பிள்ளை வாசலில் காத்திருக்காது. அது லம்பத்துக்குப் போய்விடும்.

அந்தப் பையன் இப்போது வளர்ந்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு பெருநாளிலும், தன்னை மூங்கில் நீட்டி இழுத்தவரின் வீட்டுக்கு ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு போய் வருகிறான். சென்ற முறை தன் சின்னப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டோம்.

பிள்ளைக்குக் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். திரும்பி வரும் நேரத்தைச் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு வந்து சேருங்கள். இஸ்லாமிய நேயர்கள் அனைவருக்கும் நம் பெருநாள் வாழ்த்துகள்.